கோடைப் பயிர் போல ஒரு கூழ்க் கடை

மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் கரிசல் காடு வெறுங்காடாகிவிடும். உளுந்து பிடுங்கி அடித்தாயிற்று. கம்பும் சோளமும் களத்தை விட்டு வீடு வந்து சேர்ந்தாயிற்று. பருத்தியிலும் மிளகாயிலும் கடைசி எடுப்பு மட்டும் பாக்கி. கிணற்றுப் பாசனம் உள்ள சிலரைத் தவிர, மானாவாரி விவசாயிக்கு இனி ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோதான் ஏர் பூட்டும் வேலை. இடையில் ஐந்து மாதம் நிலம் வெடித்துக் கிடக்கும். ஆனால் வீட்டுச் செலவு ஐந்து மாதம் நின்று போவதில்லை.

இந்த நாட்களில்தான் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பகுதிகளில் பல குடும்பங்கள் ஒரு யோசனை செய்கின்றன. "ரோட்டு ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டால் என்ன? கம்பு நம்முடையது, உளுந்து நம்முடையது, சமைக்க வீட்டில் ஆள் இருக்கிறது. முதல் என்ன பெரிய முதல்?" என்பதுதான் அந்த யோசனை.

யோசனை தவறானதல்ல. ஆனால் "முதல் என்ன பெரிய முதல்" என்ற அந்த வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது. கடை வைத்து நிமிர்ந்த குடும்பங்களும் உண்டு. கடையில் விட்டதை நிலத்தை அடகு வைத்து அடைத்த குடும்பங்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் கைப்பக்குவம் மட்டுமல்ல, கணக்கும்தான். அந்தக் கணக்கை இந்த வாரம் பார்ப்போம்.

மலையடிவாரத்தில் ஓர் இட்டிலிக் கடை

குடும்பம் நடத்தும் சிறு சாப்பாட்டுக் கடைக்கு நம் மாநிலத்திலேயே பலரும் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. கோவை மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வடிவேலம்பாளையம் என்று ஒரு சிற்றூர். அங்கே கமலாத்தாள் என்ற பாட்டி ஒரு ரூபாய்க்கு ஓர் இட்டிலி விற்று வந்தார். 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவரைப் பற்றிய செய்தி நாடு முழுவதும் பரவியது. அப்போதே அவருக்கு 80 வயது கடந்துவிட்டது. கடை தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் கடை வைத்த காரணம் நம் விவசாயிகளுக்கு நன்றாகப் புரியும். அவருடையது விவசாயக் குடும்பம். விடிந்ததும் எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் தனியே இருந்த அவர், சும்மா இருப்பானேன் என்று ஊராருக்கு இட்டிலி அவிக்கத் தொடங்கினார். கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வயிறார உண்டு போகட்டும் என்பது அவர் எண்ணம். முதலில் 50 பைசா, பிறகு ஒரு ரூபாய். 2020-இல் ஊரடங்கு வந்து உளுந்தும் பருப்பும் விலை ஏறியபோதும் அவர் இட்டிலி விலையை ஏற்றவில்லை.

கடை என்றால் தனிக் கட்டடம் அல்ல. அவர் வீடுதான் கடை. விறகு அடுப்பு, ஆட்டுக்கல், ஒரே ஈட்டில் 37 இட்டிலி வேகும் பாத்திரம், தொட்டுக்கொள்ளச் சட்டினியும் சாம்பாரும். பரிமாற இலை. விடிகாலையில் தொடங்கி நண்பகலில் கடை முடிந்துவிடும். முந்தின நாள் ஊறப்போட்ட ஆறு கிலோ அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் ஆட்ட அவருக்கு நாலு மணி நேரம் பிடிக்கும் என்று அப்போது செய்தி வந்தது.

செய்தி பரவிய பிறகு எரிவாயு அடுப்பும் இணைப்பும் அவருக்கு வந்து சேர்ந்தன. 2022-ஆம் ஆண்டு அன்னையர் தினத்தன்று மகிந்திரா நிறுவனத்தார் சமையல் செய்ய வசதியான ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்தார்கள்.

விலையைப் பார்க்காதீர்கள், முறையைப் பாருங்கள்

இந்தச் செய்தியைப் படித்து மனம் நெகிழாதவர் இல்லை. ஆனால் கடை வைக்க நினைக்கும் விவசாயி இதைக் கண்ணீரோடு படித்தால் மட்டும் போதாது, காகிதமும் பென்சிலுமாகப் படிக்க வேண்டும்.

அந்தப் பாட்டிக்கு நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் போல மிஞ்சுவதாக 2019-இல் செய்திகள் கூறின. அதே 2019-20-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் கூலி 229 ரூபாய். அதாவது முந்தின நாள் ஆட்டுவதற்கு நாலு மணி நேரம், மறுநாள் விடியலிலிருந்து நண்பகல் வரை அடுப்படி, இவ்வளவுக்கும் சேர்த்து அவர் கையில் நின்றது ஒரு நாள் கூலியை விடக் குறைவு. அவர் கடையில் இலாபம் என்று சொல்லப்பட்டது உண்மையில் இலாபம் அல்ல. அது அவருடைய கூலி, அதுவும் முழுக் கூலி அல்ல. மீதிக் கூலியை அவர் ஊருக்குத் தருமமாகக் கொடுத்தார்.

இதே ஒரு ரூபாய் இட்டிலியை 2013-ஆம் ஆண்டு முதல் அரசின் அம்மா உணவகங்களும் விற்றன. அங்கே விலைக்கும் செலவுக்கும் இடையே விழும் பள்ளத்தை மாநகராட்சியும் அரசும் பணம் போட்டு நிரப்பின. வடிவேலம்பாளையத்தில் அந்தப் பள்ளத்தை ஒரு பாட்டியின் தோளும் முதுகும் நிரப்பின. எந்தக் கடையிலும் விலை குறைந்தால் அந்தக் குறைவை யாரோ ஒருவர் சுமக்கிறார். உங்கள் கடையில் அதைச் சுமக்கப் போவது யார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களாகத்தான் இருக்கும்.

ஆகவே அவர் விலையை நாம் பின்பற்ற முடியாது. அது தருமம். ஆனால் அவர் முறை அத்தனையும் பின்பற்றத் தக்கது. வீடே கடை என்பதால் வாடகை இல்லை. ஒரே பண்டம் என்பதால் சாமான் தேங்குவதில்லை. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே விற்றுவிடுவதால் மீதம் இல்லை. வாடிக்கை யார் என்று தெரியும், அவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்றும் தெரியும். இந்த நாலும் அமைந்த கடை எளிதில் விழுவதில்லை.

எதை விற்பது?

இட்டிலி நம் பக்கத்தில் ஒரு காலத்தில் தீபாவளிக்கும் நல்ல நாளுக்கும் மட்டும் அவிக்கும் பண்டம். அன்றாடச் சாப்பாடு கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. இட்டிலி எந்தத் தெருவிலும் கிடைக்கிறது, கம்பங்கூழைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பிறகு, நகரத்தாரும் இவற்றைக் கேட்டு வாங்குகிறார்கள்.

கரிசல் விவசாயி இட்டிலிக் கடை வைத்தால் அரிசியை விலைக்கு வாங்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே உள்ள நாலு கடையோடு போட்டி போட வேண்டும். கம்பங்கூழ்க் கடை வைத்தால் தானியம் தன் காட்டில் விளைந்தது. தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், சீனியவரை வற்றல், வெங்காயம் இவற்றிலும் பாதி வீட்டிலேயே தயாராகும்.

கூழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வெயில் ஏற ஏற அது விற்கும். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதமும் வழியில் போகிறவன் முதலில் தேடுவது குளிர்ச்சியான பானத்தைத்தான். அந்த மூன்று மாதமும் நம் காட்டில் வேலை இல்லாத மாதங்கள். கோயில் திருவிழாக்களும் அப்போதுதான் கூடிவரும். கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள கழுகுமலையை எடுத்துக்கொள்ளுங்கள். முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தில் வரும் கூட்டம் ஒருபுறம். மலை மேல் உள்ள சமணச் சிற்பங்களையும், பாறையைக் குடைந்து செய்த வெட்டுவான் கோயிலையும் பார்க்க வருவோர் இன்னொருபுறம். வெயிலில் பாறை ஏறி இறங்கி வருகிறவனுக்கு ஒரு செம்பு கூழ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர் கடலை மிட்டாயும் ஒரு பாடம். 1940-களில் சிறு அளவில் தொடங்கிய தொழில் அது. பெரும்பாலும் குடும்பங்களே நடத்தும் சிறு கூடங்களில் கடலையும் வெல்லப் பாகும் சேர்த்துச் செய்த பண்டம், 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது. பத்துப் பண்டம் செய்யாமல் ஒரே பண்டத்தைத் தரம் குறையாமல் நெடுங்காலம் செய்ததால் வந்த பேர் அது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கடலை மிட்டாய் இன்று விற்காவிட்டால் அடுத்த வாரம் விற்கும். கூழ் இன்று விற்காவிட்டால் நாளை மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும்.

குத்துகிற வேலை யாருக்கு?

சிறுதானியச் சாப்பாடு மறைந்து போனதற்கு அரிசி மலிவாகக் கிடைத்தது மட்டும் காரணம் அல்ல. உரலும் உலக்கையும் ஒரு காரணம். கம்பைத் தண்ணீர் தெளித்துக் குத்தி, உமி போகப் புடைத்து, மறுபடி இடித்துக் குருணையாக்குவது இலேசான வேலை அல்ல. குதிரைவாலி அதைவிடக் கடினம். அந்த வேலையிலிருந்து தப்பித்தால் போதும் என்று பெண்கள் நினைத்ததில் குற்றம் இல்லை.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அங்குள்ள மலையாளிப் பழங்குடி விவசாயிகள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு பயிரிட்டு வந்தார்கள். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளிக்குக் கைமேல் காசு கிடைத்ததும், சிறுதானிய நிலம் மரவள்ளிக்கு மாறியது. விலை ஒரு காரணம் என்றால், சாமையை உரலில் குத்தும் பாடு இன்னொரு காரணம். டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தபோது விதையை மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. ஊர்களிலேயே உமி நீக்கும் இயந்திரங்களையும் மாவு இயந்திரங்களையும் வைத்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. குத்தும் பாடு குறைந்த பிறகுதான் சாமையும் தினையும் மறுபடி அடுப்புக்கும் சந்தைக்கும் வந்தன.

நம் ஊர்க் கடைக்கும் இதுவே வழி. தினமும் நூறு பேருக்குக் கம்பை உரலில் குத்திக் கட்டுபடியாகாது, உடம்பும் தாங்காது. மில்லில் கொடுங்கள். கொடுக்கும்போது எடை போடுங்கள், வாங்கும்போதும் எடை போடுங்கள். உமியும் தவிடும் போக எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்தால்தான் ஒரு செம்பு கூழுக்கு எவ்வளவு தானியம் போகிறது என்பது தெரியும். கம்பு மாவு எண்ணெய்ப் பசை உள்ளது. ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் கசக்கத் தொடங்கும். ஆகவே தானியமாகவே சேமித்து வைத்து, வாரம் ஒரு முறை தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே உள்ள விலைகள் கணக்குப் புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு செம்பு கூழ் 20 ரூபாய். ஒரு நாளைக்கு நூறு செம்பு விற்கிறது என்றால் வரவு 2,000 ரூபாய். செலவைப் பாருங்கள். கம்பு 8 கிலோ, கிலோ 25 ரூபாய் வீதம் 200. மோருக்குப் பால் 6 லிட்டர், 45 ரூபாய் வீதம் 270. வெங்காயம், மிளகாய், வற்றல், மாங்காய் வகைக்கு 250. எரிபொருள் 150. தண்ணீர், பாத்திரம் கழுவும் சாமான் முதலியன 80. மீந்து வீணாவது 100. ஆகச் செலவு 1,050 ரூபாய். மிச்சம் 950.

பெரும்பாலோர் இந்த இடத்தில் நோட்டை மூடிவிடுகிறார்கள். "ஒரு நாளைக்கு 950 ரூபாய் இலாபம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. வீட்டில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் உழைத்திருக்கிறார்கள். ஆளுக்கு 350 ரூபாய் கூலி போட்டால் 700. அதைக் கழித்தால் உண்மையான இலாபம் 250 ரூபாய்தான். பானை உடைவது, கூரை வேய்வது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

சரி, நூறு செம்பு விற்காமல் அறுபதுதான் விற்றது என்று வையுங்கள். வரவு 1,200. கம்பு 120, பால் 160, தொடுகறி 150, எரிபொருள் 120, தண்ணீர் வகை 60. விற்பனை குறைந்தால் வீணாவது கூடும், அது 150. ஆகச் செலவு 760. மிச்சம் 440. கூலி 700-ஐக் கழித்தால் 260 ரூபாய் நட்டம்.

கவனியுங்கள். கூலியை எழுதாத வீட்டில் இரண்டு நாளும் இலாப நாள். கூலியை எழுதுகிற வீட்டில் ஒரு நாள் இலாபம், ஒரு நாள் நட்டம். கடை ஒன்றுதான். கணக்கு எழுதுகிற விதம்தான் வேறு.

இன்னொன்று, சொந்தக் காட்டுக் கம்புதானே என்று அதைச் சும்மா போடாதீர்கள். வியாபாரியிடம் விற்றால் என்ன விலை கிடைக்குமோ அந்த விலையைக் கடைக் கணக்கில் செலவாகவும், காட்டுக் கணக்கில் வரவாகவும் எழுதுங்கள். இல்லாவிட்டால் காட்டில் வந்த இலாபத்தைக் கடை தின்றுகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது?

இந்த 440 ரூபாயை இன்னும் ஒரு முறை பார்ப்போம். சித்திரை மாதத்தில் காட்டில் வேலை இல்லை, வெளியிலும் கூலி வேலை கிடைக்கவில்லை. அப்போது வீட்டில் சும்மா இருப்பதற்கு 440 ரூபாய் மேல்தான். கணக்குப்படி நட்டமானாலும் கையில் காசு வருகிறது. அந்த நாளில் கடையைத் திறந்து வைப்பதில் தவறில்லை.

அதே கடையை ஐப்பசியில் திறந்து வைத்தால் என்ன ஆகும்? மழை விழுந்து விதை முளைத்து, உளுந்தில் களை தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும். வீட்டு ஆட்கள் இருவரும் கடையில் இருப்பதால் களை எடுக்கக் கூலிக்கு ஆள் விட வேண்டும். மழை நாளில் கூழும் விற்காது. கடையில் 440 வாங்கிக்கொண்டு காட்டில் 700-க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். களைக்கு ஒரு வாரம் பிந்தினால் மகசூலில் விழும் அடி வேறு.

அதனால்தான் சொல்கிறோம், கரிசல் விவசாயிக்குச் சாப்பாட்டுக் கடை ஒரு கோடைப் பயிர். பங்குனியில் விதைத்து ஆவணியில் அறுவடை முடித்துவிட வேண்டும். புரட்டாசியில் கொழுவைத் தீட்டும்போது கடை அடுப்பை அணைத்துவிட வேண்டும். தைப்பூசம் போன்ற நாட்களில் கூட்டம் வரும் ஊரானால், அறுவடை வேலையைப் பார்த்துக்கொண்டு இரண்டொரு நாள் மட்டும் திறக்கலாம். ஆண்டு முழுவதும் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதற்கென்று ஓர் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆளின் கூலியைக் கடையே கொடுக்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூடினாலும் நட்டமில்லாத கடையாக அது இருக்க வேண்டும். வாடகைக் கட்டடம், தவணைக்கு வாங்கிய குளிர்பெட்டி, முன்பணம் கொடுத்து வைத்த மாஸ்டர், இவை இருந்தால் கடையை மூட முடியாது. மூட முடியாத கடைதான் நிலத்தை அடகுக்கு இழுத்துக்கொண்டு போகும். சொந்த இடத்தில் ஒரு பந்தல், நாலு மண்பானை, செம்புகள், இரண்டு பெஞ்சு. முதல் ஆண்டு இவ்வளவு போதும்.

தண்ணீரும் சுத்தமும்

கரிசல் பூமியில் பல கிணறுகளின் தண்ணீர் சவர். அதில் பருப்பு வேகாது, கூழும் ருசிக்காது. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரோ, சேர்த்து வைத்த மழைத் தண்ணீரோ எதுவானாலும், குடிக்கவும் கரைக்கவும் ஆகும் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றியே பயன்படுத்துங்கள். கூழில் சேர்க்கும் தண்ணீரும் மோரும் அடுப்பில் ஏறுவதில்லை என்பதை மறக்கக் கூடாது. தண்ணீர் கெட்டிருந்தால் கூழ் கெட்டதாகிவிடும். ஒரே ஒரு நாள் நாலு பேருக்கு வயிற்றுப் போக்கு வந்தால் போதும், மூன்று ஆண்டு சேர்த்த பேர் போய்விடும். கை கழுவத் தனித் தண்ணீர், செம்பு கழுவத் தனித் தொட்டி, பானைக்கு வெள்ளைத் துணி வேடு, இவற்றில் சிக்கனம் வேண்டாம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு 2011-இல் நடைமுறைக்கு வந்தது. சிறு கடைகளையும் அது கட்டுப்படுத்தும். கடை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, பதிவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் 14.2 கிலோ எரிவாயு உருளையைக் கடையில் பயன்படுத்தக் கூடாது. கடைக்கென உள்ள 19 கிலோ உருளைதான் வாங்க வேண்டும். அதன் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகளும் தாள்களும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. செம்பும் மண் குவளையும் வாழையிலையும் நம்மிடம் இருக்கும்போது அவை எதற்கு?

கடன் சொல்லிக் குடிப்பவர்கள்

சிற்றூரில் கடை வைப்பவருக்குக் கடைசிச் சோதனை இது. வருகிறவர்கள் மாமா, சித்தப்பா, மதினி, பக்கத்துக் காட்டுக்காரர். "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்பார்கள். இல்லை என்று சொல்ல வாய் வராது. கேட்டால் உறவு கெடும், கேட்காவிட்டால் கடை கெடும்.

இதற்கு ஒரு வழி, கடன் உண்டு அல்லது இல்லை என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுவது. உண்டு என்றால் ஒருவருக்கு எவ்வளவு வரை என்று ஓர் அளவு வையுங்கள். அந்த அளவு வந்ததும் நோட்டைக் காட்டுங்கள். வாய்க் கணக்கு வேண்டாம். இல்லாதவருக்கு ஒரு செம்பு கூழ் சும்மா கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதைக் கடன் நோட்டில் எழுதாமல் தருமம் என்று தனியே எழுதுங்கள். வடிவேலம்பாளையத்துப் பாட்டி தாம் செய்வது தருமம் என்று தெரிந்தே செய்தார். தெரிந்து கொடுப்பது தருமம். தெரியாமல் போவது நட்டம்.

தொடங்குமுன் ஒரு வேலை

கடை வைக்க நினைக்கும் குடும்பம் பந்தல்கால் நடுவதற்கு முன், ஒரு நாள் சாயங்காலம் எல்லோருமாக உட்கார்ந்து பேச வேண்டும். யார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது? யார் தண்ணீர் எடுப்பது? மோருக்குப் பால் எங்கே வாங்குவது? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கடை வேலைக்கு இழுக்காமல் முடியுமா? கல்லாவில் வரும் காசை யார் வைத்திருப்பது? இதில் முக்கியமான கேள்வி கடைசிக் கேள்வி. அடுப்படியில் நிற்பவர் ஒருவர், காசை எடுப்பவர் வேறொருவர் என்றால் அந்தக் கடையில் கணக்கு ஒருநாளும் நேராகாது. சமைக்கும் பெண்ணின் கூலியை வாரத்துக்கு ஒரு முறை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதைச் சேமிப்பாரோ, குழுவில் கட்டுவாரோ, அது அவர் பாடு.

பிறகு ஒரு ரூபாய்க்கோ ஐந்து ரூபாய்க்கோ விற்பது உங்கள் விருப்பம். ஆனால் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் நாலு வரி எழுதுங்கள்: எத்தனை செம்பு விற்றது, என்ன செலவு, எவ்வளவு மீந்தது, யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கூலி போக மிஞ்சியிருந்தால் அடுத்த பங்குனியில் மறுபடி திறக்கலாம். மிஞ்சாவிட்டால் பானைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு விதைப்பைப் பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டில் ஒரு பயிரை விட்டுவிட்டு அடுத்த பயிருக்குப் போவது கரிசல்காரனுக்குப் புதிதல்ல. கடை விஷயத்திலும் அந்தத் துணிவு இருந்தால், நிலம் கைவிட்டுப் போகாது.